ஆடிக்காற்றும் ஆடும் ஹெல்மெட்டும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம். உரையாற்றியவர் நம் கல்லூரி இயந்திரவியல் துறையின் முன்னாள் மாணவர், பம்பு தயாரிப்புத் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளர், சிங்காநல்லூர்வாசி.)



விழாக் குழுச் செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு 'பாய்ம இயக்கவியலும் அன்றாட வாழ்க்கையும்'. கொடுத்தபோதே, "அரை மணி நேரம்தானுங்க, போர்டுல எழுதற மாதிரி ஒண்ணும் வேண்டாம், வீட்டுக்கு எடுத்துட்டுப் போற மாதிரி ஏதாவது சொல்லுங்க" என்றும் சொல்லிவிட்டார். அதனால் தலைப்பைச் சுருக்கிக் கொண்டேன். இந்த அரங்கில் இருப்பவர்களில் பெரும்பாலானவர்கள் டூவீலரில்தான் வந்திருப்பீர்கள். வண்டி ஓட்டும்போது காற்று ஏன் நம் தலையைப் பிடித்து உலுக்குகிறது, அதை எப்படிக் குறைப்பது என்பதை மட்டும் பேசுகிறேன்.

இது என்ன பெரிய விஷயமா என்று கேட்கலாம். திருச்சி ரோட்டில் சாயங்காலம் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். ஹெல்மெட் இல்லாதவர்களைச் சொல்லவில்லை. இருந்தும் போடாதவர்களைச் சொல்கிறேன். ஒருவருக்குப் பெட்ரோல் டேங்க் மேல், ஒருவருக்கு முழங்கையில், இன்னொருவருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மணியின் மடியில். கேட்டால் முதல் பதில் 'சூடு', இரண்டாவது பதில் 'காத்து புடிச்சு ஆட்டுதுங்க, கழுத்து வலிக்குது'. முதல் பதிலுக்கு என்னிடம் மருந்து இல்லை. இரண்டாவதற்கு இருக்கிறது.

நம் ஊர்க் காற்று

முதலில் காற்றைப் பற்றி. மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு பெரிய மதில் சுவர். வடக்கே நீலகிரியில் தொட்டபெட்டா 2,637 மீட்டர். தெற்கே ஆனைமலைத் தொடரில் ஆனைமுடி 2,695 மீட்டர். இரண்டுக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்தில் பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மதிலில் முட்டி, வழி கிடைத்த இடத்தில் நெருக்கியடித்துக் கொண்டு நுழைகிறது. குழாயைக் குறுக்கினால் தண்ணீரின் வேகம் கூடும் என்று இரண்டாம் ஆண்டில் படித்தோமே, அதே கதைதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தக் காற்று கோவை வழியாகப் பல்லடம், உடுமலை வரைக்கும் அடிக்கிறது. கேத்தனூர்ப் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. 'ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்' என்று சொன்ன நம் பாட்டிமார்களிடம் காற்றுமானி கிடையாது. ஆனால் அளவு தெரிந்திருந்தது.

இப்போது ஒரு கணக்கு. போர்டு வேண்டாம், வாயாலேயே சொல்கிறேன். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. ஹெல்மெட்டின் முன்பக்கப் பரப்பு ஏறத்தாழ 600 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக் கொள்ளுங்கள். காற்றே இல்லாத நாளில் 60 கி.மீ. வேகத்தில் போனால் தலையைப் பின்னால் தள்ளும் விசை சுமார் அரைக் கிலோ. 100 கி.மீ. வேகத்தில் அது 1.3 கிலோ.

காற்று உள்ள நாளில் என்ன ஆகும்? சிங்காநல்லூரில் இருந்து காலையில் சூலூருக்கு வேலைக்குப் போகிறவரை எடுத்துக் கொள்வோம். கிழக்கே போகிறார், மேல்காற்று மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் முதுகைத் தள்ளுகிறது. ஸ்பீடாமீட்டர் 60 காட்டினாலும் தலைக்குத் தெரிவது 30 தான். சாயங்காலம் அதே ரோட்டில், அதே 60-இல் திரும்புகிறார். இப்போது தலைக்குத் தெரிவது 90. முப்பதுக்கும் தொண்ணூறுக்கும் மூன்று மடங்கு. விசையில் ஒன்பது மடங்கு! காலையில் ஹெல்மெட் போட்டுப் போனவர் சாயங்காலம் ஒண்டிப்புதூர் தாண்டும் முன் கழற்றி டேங்க் மேல் வைப்பதன் ரகசியம் இதுதான்.

தள்ளுவது வேறு, ஆட்டுவது வேறு

ஆனால் இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. ஒரே சீராக அடிக்கும் காற்று தலையைத் தள்ளும், ஆட்டாது. ஒரு கிலோ எடையைக் கயிறு கட்டித் தலைக்குப் பின்னால் தொங்கவிட்டால் கழுத்து வலிக்கும், தலை நடுங்காது. நடுங்க வேண்டும் என்றால் விசை கூடிக் குறைய வேண்டும். கூடிக் குறைவது எங்கிருந்து வருகிறது?

எங்கள் தொழிலில் இருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். பம்பு அலறுகிறது, அதிர்கிறது என்று புகார் வரும். போய்ப் பார்த்தால் பம்பில் கோளாறே இருக்காது. சக்ஷன் பைப்பில், பம்பின் வாயை ஒட்டி ஒரு பெண்டு போட்டிருப்பார்கள். வளைவில் திரும்பிய தண்ணீர் சுழித்துக் கொண்டே உள்ளே நுழையும். பெண்டைத் தள்ளி வைத்து, நடுவில் கொஞ்சம் நேர்ப் பைப்பைக் கொடுத்தால் சத்தம் அடங்கும். பம்பு அதேதான், வந்து சேரும் தண்ணீர்தான் ஒழுங்கானது.

தலையும் அப்படியே. ஹெல்மெட்டைக் குறை சொல்கிறோம். பெரும்பாலும் குற்றவாளி தலைக்கு முன்னால் இருக்கிறது. நொய்யலில் தண்ணீர் ஓடும்போது பாலத்தூணின் பின்பக்கத்தைப் பாருங்கள். இடது பக்கம் ஒரு சுழி, வலது பக்கம் ஒரு சுழி என மாற்றி மாற்றிப் பிரிந்து போகும். காற்றிலும் இதே நடக்கிறது. காற்றில் கம்பி பாடுவதை 1878-இல் செக் நாட்டு இயற்பியலாளர் ஸ்ட்ரூஹால் அளந்து, வேகத்துக்கும் கம்பியின் தடிமனுக்கும் சுருதிக்கும் உள்ள உறவைக் கண்டுபிடித்தார். பல வடிவங்களுக்கு அந்த எண் 0.2-ஐ ஒட்டியே வரும். 40 சென்டிமீட்டர் அகலமுள்ள விண்ட்ஷீல்டு, தலைக்குத் தெரியும் வேகம் 90 கி.மீ., அதாவது நொடிக்கு 25 மீட்டர். 0.2-ஐ 25-ஆல் பெருக்கி 0.4-ஆல் வகுத்தால் 12.5. ஆக நொடிக்குப் பன்னிரண்டு தடவை போல ஒரு சுழி வந்து ஹெல்மெட்டைத் தட்டுகிறது. இது தோராயக் கணக்குத்தான். ஆனால் கையை வைத்துப் பார்த்தால் தெரிகிற நடுக்கமும் ஏறக்குறைய இதே அளவுதான். இந்த வேகத்தில் தலை நடுங்கினால் கண் ஈடு கொடுக்காது. முன்னால் போகும் லாரியின் நம்பர் பிளேட்டு இரண்டாகத் தெரியும். கழுத்து வலியை விட இதுதான் ஆபத்து.

ஆகவே உயரமான கண்ணாடி மாட்டினால் காற்று போய்விடும் என்ற நம்பிக்கையை இங்கேயே இறக்கி வைத்துவிடுங்கள். கண்ணாடி காற்றை ஒழிப்பதில்லை. திருப்பி விடுகிறது, கிழித்தும் விடுகிறது. கிழிந்த காற்று மார்பில் பட்டால் பரவாயில்லை. தலைக்கு மேலே போனாலும் பரவாயில்லை. கண்ணாடியின் மேல்விளிம்பில் இருந்து கிளம்பும் சுழல் நேராக நெற்றியில் வந்து முட்டினால் அதைவிடக் கண்ணாடியே இல்லாமல் ஓட்டுவது மேல்.

ஒரு ஃபிட்டர் அண்ணனின் கதை

எங்கள் தொழிற்சாலையில் ஐம்பது வயது தாண்டிய ஃபிட்டர் அண்ணன் ஒருவர் இருக்கிறார். பல்லடம் பக்கத்தில் இருந்து தினம் 30 கி.மீ. வந்து போகிறவர். ஆடி மாசம் கழுத்து வலி தாங்காமல், யாரோ சொன்னார்கள் என்று வண்டிக்கு உயரமான விண்ட்ஷீல்டு ஒன்று வாங்கி மாட்டினார். மாட்டிய வாரமே ஹெல்மெட் போடுவதை விட்டுவிட்டார்.

"ஏனுங்கண்ணா, கண்ணாடி போட்ட பொறவு சௌகரியமாத்தானுங்க இருக்கோணும்?" என்றேன்.

"அட நீங்க வேறீங்க சார். நெஞ்சுல காத்தே இல்லீங்க, சுகமா இருக்குது. தலைதான் கிடுகிடுன்னு ஆடுது. ஹெல்மெட்டைக் கழட்டுனா ஆட்டம் நிக்குது. கழட்டிப் போட்டுட்டனுங்க."

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஹெல்மெட் தலையை விடப் பெரியது, சுழலில் அதிகம் சிக்கும். அவர் தவறான பொருளைக் கழற்றினார், அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஒரு சோதனை செய்தோம். விமானம் வடிவமைப்பவர்கள் காற்றுச் சுரங்கத்தில் செய்யும் பழைய சோதனை அது. செலவு ஒரு ரூபாய் கூட இல்லை. தடித்த நூலை விரல் நீளத்துக்கு வெட்டி, ஒரு நுனியை மட்டும் செல்லோடேப்பால் கண்ணாடியின் மேல்விளிம்பிலும், ஹெல்மெட்டின் நெற்றியிலும் பக்கங்களிலும் ஒட்டினோம். நூலுக்கு நம்ம ஊரில் பஞ்சமா என்ன! அவர் ஆளில்லாத ரோட்டில் 50 கி.மீ. வேகத்தில் போக, நான் இன்னொரு வண்டியில் பின்சீட்டில் உட்கார்ந்து பக்கவாட்டில் தள்ளிவந்து செல்போனில் படம் எடுத்தேன். ஒழுங்கான காற்றில் நூல் படிந்து நேராகக் கிடக்கும். சுழலில் துடிக்கும், சில சமயம் முன்பக்கமாகவே திரும்பும். அவர் ஹெல்மெட்டில் தாடைப் பக்கத்து நூல்கள் அமைதியாக இருந்தன. நெற்றியில் ஒட்டியவை மீன் குஞ்சு மாதிரித் துள்ளின. கண்ணாடியின் விளிம்பில் கிளம்பிய காற்று நெற்றியில் முட்டுகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

பரிகாரமும் எளிமையானது. கண்ணாடியின் மேல் போல்ட்டுகளுக்கு அடியில் இருந்த ரப்பர் வாஷர்களை எடுத்துக் கீழ் போல்ட்டுகளுக்குக் கொடுத்து, கண்ணாடியைப் பின்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்தோம். கீழே இரண்டு விரல் நுழையும் அளவு இடைவெளி கிடைத்தது. மறுபடி நூல் சோதனை. நெற்றி நூல்கள் படிந்தன. துள்ளல் இப்போது கழுத்துக்குக் கீழே. மறுநாள் ஹெல்மெட்டோடு வேலைக்கு வந்தார். "இப்ப தேவலைங்க" என்றார். கொங்கு நாட்டுக்காரர் 'தேவலை' என்றால் அது பாராட்டுப் பத்திரம்.

நீங்களே செய்து பார்க்க

இப்போது உங்கள் வண்டிக்கு வருவோம். காரணத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் காசு செலவழிக்க வேண்டும். வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், ஆடுவது தலையா, வண்டியா என்று பிரித்துப் பாருங்கள். ஹேண்டில்பார் கையில் உதறினால் அது காற்று வியாதி அல்ல. டயர் காற்றழுத்தம், வீல் பேரிங், கோன் செட், பின்பக்க ஸ்விங் ஆர்ம் புஷ், பின்னால் ஏற்றிய பெட்டியின் எடை, இவற்றைத்தான் பார்க்க வேண்டும். விண்ட்ஷீல்டு மாற்றி இதைக் குணப்படுத்த முடியாது. உடனே மெக்கானிக்கிடம் போங்கள்.

இரண்டாவது, தலைதான் ஆடுகிறது என்றால், காலி ரோட்டில் மிதமான வேகத்தில் ஃபுட்ரெஸ்ட்டில் காலை ஊன்றிச் சீட்டில் இருந்து நாலு விரற்கடை எழுந்து பாருங்கள். ஆட்டமும் சத்தமும் சட்டென்று குறைந்தால், உங்கள் தலை கண்ணாடியின் சுழலில் இருக்கிறது. மேலே ஒழுங்கான காற்று ஓடுகிறது. அதேபோல் கொஞ்சம் குனிந்து பாருங்கள். குனிந்தால் குறைகிறது என்றாலும் முடிவு அதுதான். எழுந்தாலும் குனிந்தாலும் மாற்றம் இல்லை என்றால் சந்தேகத்தை ஹெல்மெட் பக்கம் திருப்புங்கள்.

மூன்றாவது, கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒருநாள் ஓட்டிப் பாருங்கள். இதைவிட மலிவான சோதனை கிடையாது. கழற்றியதும் ஆட்டம் நின்றால் உங்களுக்கு இரண்டு வழி உண்டு. கண்ணாடியைத் தாழ்த்தி, தலையையும் தோளையும் முழுக்க ஒழுங்கான காற்றில் விடலாம். அல்லது சாய்வை மாற்றியோ மேல்விளிம்பில் சிறு தகடு வைத்தோ சுழல் ஹெல்மெட்டுக்கு மேலே போகும்படி செய்யலாம். நடுவாந்திரம்தான் கூடாது. உயர்த்தும்போது ஒரு எச்சரிக்கை: கண்ணாடிக்கு மேலாகப் பார்க்க வேண்டுமே தவிர, கண்ணாடி வழியாகப் பார்க்கும் உயரத்துக்குப் போகாதீர்கள். கீறல் விழுந்த கண்ணாடியும் மழையும் எதிர்வண்டி வெளிச்சமும் சேர்ந்தால் ரோடே தெரியாது.

நான்காவது, கண்ணாடிக்குக் கீழே வழி விடுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் அழுத்தம் குறைந்து வெற்றிடம் மாதிரி ஆகும். அந்தப் பள்ளத்தை நிரப்பக் காற்று பக்கங்களில் இருந்தும் பின்னால் இருந்தும் சுருண்டு வரும். சிலருக்கு முதுகை யாரோ முன்னால் தள்ளுவது போலத் தோன்றுவது இதனால்தான். கீழே கொஞ்சம் காற்றை உள்ளே விட்டால் பள்ளம் நிரம்பும், சுழல் தணியும். இன்னும் சில வண்டிகளில் முன் ஃபோர்க்குக்கும் டேங்குக்கும் இடையில் காற்று மேலே ஏறித் தாடையில் முட்டும். அதற்கு ஃபோர்க் ஓரத்தில் சின்னத் தடுப்புத் தகடே போதும்.

இன்னொன்று, ஹேண்டில்பாரில் மாட்டும் பெரிய கண்ணாடி பக்கக்காற்றில் ஸ்டியரிங்கையே திருப்பும். கண்ணாடி பெரிதாக வேண்டும் என்றால் வண்டியின் சட்டத்தோடு பிடிக்கும் வகையாகப் பாருங்கள்.

ஹெல்மெட் அளவு

கண்ணாடியே இல்லாத வண்டி, ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் 'எனக்கென்ன' என்று நினைக்க வேண்டாம். உங்களுக்குக் காற்று ஒழுங்காகத்தான் வருகிறது. ஹெல்மெட் சரியில்லாமல் இருக்கலாம்.

நம் வீடுகளில் செருப்பு ஆளுக்கு ஒரு ஜோடி, ஹெல்மெட் மட்டும் குடும்பத்துக்கு ஒன்று. அப்பா தலைக்கு வாங்கியதை மகன் போடுவான், மருமகளும் போடுவாள். தொளதொள ஹெல்மெட் காற்றில் ஆடாமல் என்ன செய்யும்? டெய்லர் டேப்பை எடுத்துப் புருவத்துக்கு ஒரு அங்குலம் மேலே தலையைச் சுற்றி அளந்து, அந்த அளவுக்கு வாங்குங்கள். போட்டு, வார் மாட்டி, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினால் கன்னத்துத் தோலும் ஹெல்மெட்டோடு சேர்ந்து நகர வேண்டும். ஹெல்மெட் தனியாகச் சுற்றினால் அது உங்கள் அளவு அல்ல. பின்பக்கத்தைப் பிடித்து முன்னால் தூக்கினால் கழன்று வரக்கூடாது. வாருக்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் இடம் கூடாது. புது ஹெல்மெட் முதல் வாரம் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும். பஞ்சு அமுங்கி இடம் கொடுக்கும். அதனால் கடையிலேயே 'ஃப்ரீயா' இருப்பதை வாங்காதீர்கள்.

மண் ரோட்டுப் பந்தயக்காரர்கள் போடும் நீண்ட கூரை வைத்த ஹெல்மெட் பார்க்க அழகு. நெடுஞ்சாலையில் அந்தக் கூரையைக் காற்று பிடித்துத் தூக்கும். கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள். சட்டைக் காலர் படபடவென்று ஹெல்மெட்டில் அடிப்பது, பொத்தான் போடாத சட்டை பலூன் மாதிரி உப்புவது, வேட்டி நுனி, துப்பட்டா, சேலை முந்தானை எல்லாமே காற்றுக்குப் பிடிமானம். துணி சக்கரத்தில் சிக்கும் ஆபத்து தனி. அடக்கிக் கட்டிக் கொண்டு ஏறுங்கள்.

வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள். 2021 ஜூன் 1 முதல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 4151 தரத்துக்குச் சான்று பெற்ற டூவீலர் ஹெல்மெட்டை மட்டுமே விற்கலாம் என்பது சட்டம். ரோட்டோரத்தில் குவித்து வைத்திருக்கும் சட்டியைப் போட்டால் போலீஸுக்குத்தான் பாதுகாப்பு, தலைக்கு இல்லை.

லாரியும் பக்கக்காற்றும்

சரி, வண்டியும் ஹெல்மெட்டும் ஒழுங்காயிற்று. ரோட்டில் நம் கையில் இல்லாத சுழலும் உண்டு. பஸ், லாரியின் பின்னால் இருபது முப்பது மீட்டரில் போனால் நாம் அதன் சுழலுக்குள்ளேயே குடியிருக்கிறோம். காற்று மறைவு கிடைக்கும் என்று ஒட்டிப் போகாதீர்கள். தள்ளிப் போங்கள், தலையாட்டமும் குறையும், பிரேக் போட இடமும் கிடைக்கும்.

பொள்ளாச்சி ரோட்டில் தெற்கே போகும்போது மேல்காற்று வலது கைப்பக்கம் அடிக்கும். வலப்பக்கமாக ஒரு லாரியைத் தாண்டும்போது அதன் மூக்கைக் கடக்கிற இடத்தில் ஒரு தள்ளல் வரும். எதிரே ஒரு பெரிய வண்டி நம்மைக் கடக்கும்போது காற்றை ஒரு நொடி மறைத்து, மறுநொடி திறந்துவிடும். மில் மதில் முடியும் இடம், மரவரிசை முடியும் இடம், பாலத்தின் தொடக்கம், எல்லாம் இதே மாதிரி. 2025 அக்டோபரில் திறந்த அவினாசி ரோடு ஜி.டி. நாயுடு மேம்பாலம் 10.1 கி.மீ. நீளம். கீழே கட்டடங்கள் தருகிற மறைவு மேலே கிடையாது. ஏறும்போதே இதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள்.

அப்போது என்ன செய்வது? ஹேண்டிலை இறுக்கிப் பிடிப்பதுதான் எல்லோரும் செய்வது. அதுவே தவறான வைத்தியம். கை விறைத்தால் உடம்பின் ஆட்டம் முழுக்க ஸ்டியரிங்குக்குப் போகும். முழங்காலால் டேங்கைப் பிடியுங்கள், முழங்கையை மடக்கித் தளர்த்துங்கள், இடுப்பில் இருந்து சற்றே முன்னால் சாயுங்கள். எல்லாவற்றையும் விட மேலான மருந்து ஆக்ஸிலேட்டரில் இருக்கிறது. 90-இல் இருந்து 80-க்கு இறங்கினால் காற்றின் விசை ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அரை மணி நேரப் பயணத்தில் நட்டம் நாலு நிமிஷம்கூட இல்லை.

இந்தப் பாடத்தைப் பெரிய பெரிய கம்பெனிகளும் காசு கொடுத்துத்தான் படித்தன. இத்தாலியின் மோட்டோ குஸ்ஸி 1950களிலேயே தன் தொழிற்சாலையில் காற்றுச் சுரங்கம் கட்டி, ஆளோடு வண்டியை வைத்துப் பார்த்தது. அக்காலப் பந்தய வண்டிகளுக்கு முன் சக்கரத்தையும் மூடுகிற பெரிய கூடு இருந்தது. நேர்க்காற்றில் அபார வேகம், பக்கக்காற்றில் தடுமாற்றம். 1957 சீசனோடு சர்வதேசப் பந்தயங்களில் அதைத் தடை செய்துவிட்டார்கள். 1976-இல் பி.எம்.டபிள்யூ. கம்பெனி ஆர் 100 ஆர்.எஸ். வண்டியின் கூட்டைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்தே வடிவமைத்தது. அழகுக்காக மாட்டிய கண்ணாடி, காற்றைத் திருப்பும் கருவியாக மதிப்புப் பெற்றது அப்படித்தான்.

தம்பி தங்கைகளுக்கு

கடைசியாக, இதில் பணயம் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்று அறிவித்தார்கள். அபராதமும் ஏறியது. போலீஸ் நிற்கும் இடத்தில் தலைக்கு ஏறும், தாண்டியதும் டேங்குக்கு இறங்கும். உத்தரவால் தலையில் ஏற்ற முடியும். சௌகரியம் இருந்தால்தான் அது அங்கேயே தங்கும். அந்தச் சௌகரியத்தைக் கொடுப்பது யார் வேலை? பொறியாளர் வேலைதானே?

நம் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் புளோயர் இருக்கிறது, மானோமீட்டர் இருக்கிறது. வாசலில் நூற்றுக்கணக்கில் வண்டிகள் இருக்கின்றன. நூலும் செல்லோடேப்பும் நான் வாங்கித் தருகிறேன். இறுதியாண்டு புராஜெக்டுக்குத் தலைப்பு தேடும் தம்பி தங்கைகள் யாராவது, நம் ஊரில் அதிகம் ஓடும் பத்து வண்டிகளையும், கடைகளில் விற்கும் பத்து விண்ட்ஷீல்டுகளையும் எடுத்து, எந்த உயரத்து ஆளுக்கு எது எங்கே சுழல் கிளப்புகிறது என்று ஒரு பட்டியல் போட்டால், அது அலமாரியில் தூங்கும் புராஜெக்டாக இருக்காது. ஒவ்வொரு மெக்கானிக் கடைச் சுவரிலும் ஒட்டி வைப்பார்கள்.

இது நம் மண்ணுக்குப் புதிதும் அல்ல. இங்கிருந்து சூலூர்ப் பக்கம் இருக்கும் கலங்கல் கிராமத்தில் 1893-இல் பிறந்த ஜி.டி. நாயுடு, வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அதை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஓட்டிப் பார்ப்பதோடு நிற்கவில்லை. அக்கக்காகப் பிரித்துப் பார்த்து, திரும்பப் பூட்டினார். கோயம்புத்தூர்ப் பொறியியல் தொடங்கிய இடங்களில் அதுவும் ஒன்று. நம் வண்டியை நாம் பிரிக்கக்கூட வேண்டியதில்லை. நாலு நூல் ஒட்டிப் பார்த்தால் போதும்.

அண்ணன்மார்களுக்கு ஒரு விண்ணப்பம். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பிள்ளைகளின் ஹெல்மெட்டை ஒருமுறை போடச் சொல்லி, பிடித்து ஆட்டிப் பாருங்கள். தனியாகச் சுற்றினால் நாளைக்கே அவர்கள் அளவுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

 எல்லோரும் பத்திரமா போய்ச் சேருங்க.